புளூகிராஸ் கேட்கப் பழகுவதும், அதைத் தேடிப் பயணம் போவதும்

முதல் முறை புளூகிராஸ் என்ற அமெரிக்க இசையைக் கேட்கும்போது ஒரே அவசரமாகத்தான் தோன்றும். ஐந்து பேர் ஒன்றாக, வேகமாக வாசிப்பார்கள். பாடுகிறவர் குரல் உச்சத்தில் இழுத்துக்கொண்டிருக்கும். என்னவென்று பிடிபடுவதற்குள் மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒருநாள் ஒரு சின்ன அரங்கில், பாஞ்சோ என்ற தந்திக் கருவியை வாசித்தவர் விரலில் மாட்டியிருந்த உலோக நகம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவசரம் என்று நான் நினைத்திருந்தது அத்தனையும் அன்றைக்குக் கணக்காகத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய இசை இது. அதனால்தான் பெரிய விழாக்களைவிடச் சின்ன ஊர்களையும் சின்னக் கொட்டகைகளையும் நம்பி இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன்.

படி 1: யார் செய்த இசை என்று தெரிந்துகொள்ளுங்கள்

புளூகிராஸ் பழைய மலைநாட்டு இசை என்று பலர் நினைக்கிறார்கள். வேர் பழையதுதான், ஆனால் இந்த வடிவத்துக்கு எண்பது வயதுதான் ஆகிறது. கென்டக்கி மாநிலத்தின் ரோசின் என்ற சிற்றூரில் 1911-இல் பிறந்தவர் பில் மன்றோ. கென்டக்கிக்கு அங்கு வளரும் ஒரு புல்லை வைத்து 'புளூகிராஸ் மாநிலம்' என்று செல்லப்பெயர் உண்டு. அதை எடுத்துத் தன் குழுவுக்கு 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்று பெயர் வைத்தார் மன்றோ. பிற்பாடு அந்தக் குழுவின் பெயரே இசைக்கும் பெயராகிவிட்டது.

1945 டிசம்பரில் எர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற 21 வயது இளைஞர் பாஞ்சோவோடு அந்தக் குழுவில் சேர்ந்தார். கிடாரும் முதன்மைக் குரலும் லெஸ்டர் ஃப்ளாட், ஃபிடில் (வயலின்தான்) சப்பி வைஸ், பேஸ் (கீழ்ச்சுரம் வாசிக்கும் பெரிய தந்திக் கருவி) ஹோவர்ட் வாட்ஸ், மாண்டலினும் உச்சக் குரலும் மன்றோ. 1946, 1947 ஆண்டுகளில் இந்த ஐவர் செய்த பதிவுகளே இன்றுவரை எல்லோருக்கும் இலக்கணம். 1948-இல் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் விலகித் தனிக் குழு தொடங்கிவிட்டார்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு கடல் கடந்து வந்த கருவி மரபிலிருந்து பிறந்தது. மன்றோ இளைஞராக இருந்தபோது நடன நிகழ்ச்சிகளில் கூட வாசித்தவர்களில் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரும் ஒருவர். அவரிடம் தான் கற்றதை மன்றோ வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து வந்த ஃபிடில் மெட்டுகள், கறுப்பின மக்களின் புளூஸ், தேவாலயப் பாட்டு இவை மூன்றும் சேர்ந்த இசை இது. இதை வெள்ளைக்காரர்களின் இசை என்று மட்டும் சொன்னால் பாதியை விட்டுவிடுகிறோம்.

படி 2: ஒரு நேரத்தில் ஒரு கருவி

இந்தப் படிக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். இதைத் தாண்டி நேரே பயணத்துக்குப் போனால் பாதி இன்பம் கைநழுவிப் போகும்.

முதல் வாரம் மாண்டலினையும் பேஸையும் மட்டும் கேளுங்கள். இந்தக் குழுவில் டிரம்ஸ் கிடையாது. ஆனாலும் தாளம் கல் மாதிரி நிற்கும். எப்படி? நான்கு எண்ணிக்கையில் பேஸ் ஒன்றிலும் மூன்றிலும் அடிக்கும். இரண்டிலும் நான்கிலும் மாண்டலின் 'சக்' என்று வெட்டும். இடது கை விரல்களை உடனே தளர்த்தித் தந்தியின் ஓசையை அமுக்கிவிடுவதால் சுரத்தைவிட அடிதான் அதிகம் கேட்கும். ஆங்கிலத்திலும் அதை 'சாப்' என்றுதான் சொல்கிறார்கள். மாண்டலின் என்றதும் நமக்கு யூ. ஸ்ரீனிவாஸின் குழைவு நினைவுக்கு வரும். இங்கே அதே கருவி பாதி நேரம் மிருதங்க வேலை பார்க்கிறது. காலால் ஒன்று, மூன்று தட்டி, கையால் இரண்டு, நான்கு தட்டிக்கொண்டே பத்துப் பாட்டு கேட்டால் போதும், அவசர உணர்வு போய்விடும்.

இரண்டாம் வாரம் பாஞ்சோ. ஸ்க்ரக்ஸ் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று மூன்று விரலால் வாசித்தார். எட்டுச் சுரங்கள் விடாமல் ஓடும், ஆனால் அழுத்தம் 3, 3, 2 என்று விழும். நம் வாயால் சொன்னால் 'தகிட தகிட தக'. எல்லா இடத்திலும் இதே கணக்கு வராது என்றாலும் இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதும் பிடிபடும். 1949-இல் அவர் பதிவு செய்த 'ஃபாகி மவுன்டன் பிரேக்டவுன்' என்ற துண்டை இந்தக் கொன்னக்கோலோடு கேட்டுப் பாருங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: பாஞ்சோவின் ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டையானது. அதன் முறுக்காணி கழுத்தின் நடுவிலேயே இருக்கும். பெரும்பாலும் அதை விரலால் அழுத்துவதில்லை, உச்சத்தில் ஒரே சுரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும். வீணையின் பக்கத் தந்தி கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த ஒலி உடனே நெருக்கமாகிவிடும்.

மூன்றாம் வாரம் குரல். நமக்கு உண்மையான தடங்கல் இங்கேதான். நாம் ஒற்றை மெட்டைப் பின்தொடர்ந்து பழகியவர்கள். இங்கே பல்லவியில் மூன்று குரல் சேரும்போது காது தானாக மேலே ஒலிக்கும் குரலைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் மெட்டு அங்கே இருக்காது. முதன்மைக் குரல் நடுவில். அதற்கு மேலே டெனர், கீழே பாரிட்டோன். வர்ஜீனியாவின் ஸ்டான்லி சகோதரர்கள் கார்ட்டரும் ரால்ஃபும் பாடியதைக் கேளுங்கள். சரணத்தில் கார்ட்டர் தனியாகப் பாடுவார், பல்லவியில் ரால்ஃபின் குரல் மேலே ஏறிச் சேரும். சரணத்தில் கேட்ட குரலை விடாமல் பிடித்துக்கொண்டே பல்லவிக்குள் போங்கள். இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

பாட்டின் பொருளையும் இந்த வாரத்திலேயே கவனியுங்கள். விட்டுவந்த வீடு, இறந்துபோன தாய், ரயில், நிலக்கரிச் சுரங்கம், கொலை, இயேசு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கென்டக்கி, டென்னசி மலைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் டேட்டன், சின்சினாட்டி, டெட்ராய்ட் ஆலைகளுக்கு வேலை தேடிப் போயின. மேடையில் பாடியவர்களும் கீழே அழுதவர்களும் அவர்கள்தான். ஊரை விட்டுவந்து வாழ்கிற யாருக்கும் அந்த உச்சக் குரலில் என்ன இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

நான்காம் வாரம் ஃபிடிலும் கிடாரும், கூடவே இன்றைய கலைஞர்களும். கிடாரில் டாக் வாட்சன், டோனி ரைஸ் இருவரையும் தவற விடாதீர்கள். பிறகு அலிசன் கிராஸ், மாண்டலினில் சியரா ஹல், கிடாரில் மாலி டட்டில், பில்லி ஸ்ட்ரிங்ஸ் என்று வாருங்கள். பாஞ்சோக் கலைஞர் பேலா ஃப்ளெக், பேஸ் கலைஞர் எட்கர் மேயர், ஜாகிர் உசேன், ராகேஷ் சௌராசியா நால்வரும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட தொகுப்பு 2024-இல் கிராமி விருது பெற்றது. நம் காதுக்கு அது சுகமான நுழைவாயில். ஆனால் அதைக் கேட்டுவிட்டுப் புளூகிராஸ் இதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1946-க்குத் திரும்பிப் போங்கள்.

படி 3: கிழமையை வைத்துத் திட்டமிடுங்கள்

தேதியை முதலில் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. சின்ன ஊர்களில் இசை வாரத்தில் ஒரே இரவுதான் நடக்கும். அந்த இரவைத் தவறவிட்டால் அடுத்த ஏழு நாளுக்கு அங்கே பூட்டிய கதவுதான். அதனால் இரண்டு வெள்ளி, இரண்டு சனி கிடைக்கிற மாதிரி பன்னிரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். குளிர்காலத்தில் சில இடங்கள் மூடிவிடுவார்கள். எந்த மாதமானாலும், அந்த வாரம் நிகழ்ச்சி உண்டா என்று புறப்படும் முன் அந்தந்த இடத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் விசாவைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நேர்காணல் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம், விசா கைக்கு வரும்வரை திரும்பப் பெற முடியாத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள். கார் இல்லாமல் இந்தப் பயணம் நடக்காது. பேருந்தை நம்பிப் போகிற ஊர்கள் அல்ல இவை. ஊரிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கிக்கொள்ளுங்கள், அசல் உரிமத்தையும் கூடவே வையுங்கள்.

நான் பரிந்துரைக்கும் வழி இது.

புதன்கிழமை டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் வந்து இறங்குங்கள். வியாழன் பகலில் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம். மன்றோவின் 1923-ஆம் ஆண்டு கிப்சன் எஃப்-5 மாண்டலின் அங்கேதான் இருக்கிறது. 1985-இல் யாரோ அவர் வீட்டுக்குள் புகுந்து அதைச் சில்லு சில்லாக உடைத்துவிட்டார்கள். கிப்சன் நிறுவனத்தின் கைவினைஞர்கள் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டித் திரும்பக் கொடுத்தார்கள். மன்றோ அதையே தொடர்ந்து வாசித்தார். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் நின்ற நேரத்துக்குக் கணக்கில்லை. மாலையில் ரைமன் அரங்கம். 1892-இல் பிரார்த்தனைக் கூடமாகத் திறந்த கட்டடம், இன்னும் தேவாலய மர பெஞ்சுகள்தான். ஸ்க்ரக்ஸ் சேர்ந்த புதிதில் அந்த ஐவர் கூட்டத்தைக் கிறங்கடித்தது இந்த மேடையில்தான். கோடையில் வியாழக்கிழமைகளில் இங்கே புளூகிராஸ் தொடர் நடப்பது வழக்கம்.

வெள்ளி காலையில் வடக்கே ரோசினுக்குக் கிளம்புங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கண் மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடக் கூடிய ஊர். மன்றோ வளர்ந்த வீடு ஜெருசலேம் ரிட்ஜ் என்ற மேட்டில், மரங்களுக்கு நடுவில் புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. ஊருக்குள் அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகம், கொஞ்சம் தள்ளி அவர் கல்லறை. பெற்றோரை இழந்த சிறுவனுக்கு அடைக்கலம் கொடுத்து, நடனங்களுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தாளம் கற்றுக்கொடுத்த தாய்மாமா பென் வாண்டிவரின் மரக்குடிலும் பக்கத்தில் இருக்கிறது. தாய்மாமா வளர்த்த பிள்ளை என்ற கதை நமக்குப் புதிதா என்ன! இரவு ரோசின் பார்ன் ஜம்போரி என்ற வாராந்திர இசை நிகழ்ச்சி. தகரக் கூரை போட்ட பழைய கொட்டகை, அனுமதி இலவசம், வாசலில் வைத்திருக்கும் பெட்டியில் கட்டாயம் பணம் போடுங்கள். உள்ளே மேடை நடக்கும்போதே வெளியே மரத்தடியில் நான்கைந்து பேர் வட்டமாக வாசித்துக்கொண்டிருப்பார்கள். அதையும் கேளுங்கள்.

அன்றிரவு முக்கால் மணி நேரத் தொலைவிலுள்ள ஓவன்ஸ்பரோவில் தங்குங்கள். சனிக்கிழமை ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள புளூகிராஸ் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம். இன்னொரு நல்ல செய்தி: அமெரிக்காவில் மட்டன் என்றால் முகம் சுளிக்கிறவர்கள் அதிகம், ஓவன்ஸ்பரோ மட்டும் விதிவிலக்கு. ஹிக்கரி விறகுப் புகையில் மணிக்கணக்காக வாட்டிய செம்மறியாட்டுக் கறி இந்த ஊரின் அடையாளம். சைவக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். இந்தப் பகுதி முழுக்கப் பீன்ஸ், கீரை என்று சொல்லித் தரும் பதார்த்தங்களைப் பன்றிக் கொழுப்பு போட்டு வேகவைப்பது வழக்கம். 'இறைச்சி இருக்கிறதா' என்று மட்டும் கேட்டால் இல்லை என்பார்கள். 'பன்றிக் கொழுப்பு, பேக்கன் ஏதாவது போட்டீர்களா' என்று கேளுங்கள். அவல், ஊறுகாய், ரெடிமேட் உப்புமா கொண்டுபோவதில் தப்பே இல்லை, ஆனால் எந்த உணவுப் பொருளானாலும் விமான நிலையச் சுங்கத்தில் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

ஞாயிறு நாஷ்விலுக்குத் திரும்புங்கள். இரவு ஸ்டேஷன் இன். 1974-இல் தொடங்கிய இசைக்கூடம், கல் சுவர் வைத்த தாழ்ந்த கட்டடம். சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள் முளைத்துவிட்டன, இது மட்டும் அப்படியே இருக்கிறது. ஞாயிறு இரவு அங்கே ஜாம். கருவி கொண்டுவந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பெயர் பெற்ற கலைஞரும் பள்ளிக்கூடப் பையனும் ஒரே வட்டத்தில் இருப்பதைப் பார்க்கலாம். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இரவு போதும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

திங்கள் ஓய்வு. செவ்வாய் கிழக்கே பிரிஸ்டலுக்கு நாலரை மணி நேர ஓட்டம். வழியில் நேர மண்டலம் மாறி ஒரு மணி நேரம் கழிந்துபோகும், இரவு நிகழ்ச்சி எதையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பிரிஸ்டலின் பெரிய தெருவில் ஒரு பக்கம் டென்னசி, மறுபக்கம் வர்ஜீனியா. 1927-இல் ரால்ஃப் பியர் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் இங்கே வந்து, கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தையும் ஜிம்மி ராட்ஜர்ஸையும் பதிவு செய்தார். அந்தக் கதைக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. புதன் அங்கே.

வியாழன் வர்ஜீனியாவின் கேலக்ஸ் பக்கம். புளூ ரிட்ஜ் மலைச்சாலையில் உள்ள இசை மையத்தில் பருவகாலத்தில் நண்பகல் வேளைகளில் உள்ளூர்க்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து இலவசமாக வாசிப்பார்கள். 2024 ஹெலீன் புயலில் இந்த மலைச்சாலை பல இடங்களில் பழுதானது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று அன்றன்றே பாருங்கள். வெள்ளி இரவு ஃப்ளாய்ட் என்ற ஊரின் கடையில் ஜம்போரி. பகலில் மளிகை, துணி விற்கிற அதே கடையில் இரவு நாற்காலி போட்டு நடனம். இங்கே கேட்பதில் பாதி புளூகிராஸ் அல்ல, அதற்கு முந்தைய 'ஓல்ட் டைம்' இசை. வித்தியாசம் எளிது: புளூகிராஸில் ஒவ்வொருவராக முன்வந்து தனியாக வாசிப்பார்கள். ஓல்ட் டைமில் எல்லோரும் சேர்ந்தே ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள், பாஞ்சோவையும் நகத்தின் பின்புறத்தால் கீழ்நோக்கித் தட்டுவார்கள்.

படி 4: ஜாம் வட்டத்தில் நடந்துகொள்ளும் முறை

இதை யாரும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். முதலில் வட்டத்துக்கு வெளியே நின்று இரண்டு பாட்டு கேளுங்கள். பாட்டைத் தொடங்குகிறவர் சுருதியையும் வேகத்தையும் சொல்வார், அந்தப் பாட்டு முடியும்வரை அவர்தான் தலைவர். தனியாக வாசிக்கும் முறை உங்களுக்கு வரும்போது அவர் கண்ணால் கேட்பார். வேண்டாம் என்றால் தலையசைத்தால் போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மற்றவர் தனியாக வாசிக்கும்போது உங்கள் ஓசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். காலைத் தூக்கி நீட்டினால் இத்தோடு முடிக்கிறோம் என்று பொருள். கேட்காமல் வீடியோ எடுக்காதீர்கள்.

கர்நாடக வயலின் வாசிப்பவர்கள் தைரியமாகச் சேரலாம், ஆனால் முன்தயாரிப்பு வேண்டும். ச-ப-ச-ப என்று கூட்டாமல் ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி கூட்ட வேண்டும், மாண்டலினுக்கும் அதே கூட்டல்தான். ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) காதால் அடையாளம் காணப் பழகுங்கள். பெரும்பாலான பாட்டுகள் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். கமகத்தைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். அவர்களுக்கும் வழுக்கல் உண்டு, அது வேறு வழுக்கல்.

படி 5: விழாக்களை அடுத்த முறைக்கு வையுங்கள்

விழா வேண்டும் என்றால் முதலாவதாக இன்டியானாவின் பீன் பிளாசம். 1967-இல் மன்றோவே தொடங்கியது, ஜூனில் நடக்கும், மரத்தடிக் கூடாரங்களில் விடியும்வரை ஜாம். வட கரோலினாவில் ஏப்ரல் கடைசியில் நடக்கும் மெர்ல்ஃபெஸ்ட், டாக் வாட்சன் தன் மறைந்த மகன் நினைவாக 1988-இல் தொடங்கியது. நியூ ஜெர்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் கிரே ஃபாக்ஸ். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத் தமிழர்களுக்கு அக்டோபர் தொடக்கத்தில் கோல்டன் கேட் பூங்காவில் முழுக்க இலவசமான 'ஹார்ட்லி ஸ்ட்ரிக்ட்லி புளூகிராஸ்' இருக்கிறது, ஆனால் 'கண்டிப்பாகப் புளூகிராஸ் மட்டுமல்ல' என்று பெயரே சொல்வதுபோல் அங்கே எல்லா இசையும் உண்டு. கொலராடோவின் டெல்யுரைடு மிக அழகு. 8,750 அடி உயரம், முதல் நாள் தலைவலி வரும், டிக்கெட் கிடைப்பதும் கடினம், முதல் விழாவாக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மடக்கு நாற்காலி, மழைக்கோட்டு, தொப்பி, டார்ச் கட்டாயம். பல விழாக்களில் காலையில் மேடை முன் நாற்காலியைப் போட்டுவிட்டால் நாள் முழுக்க அந்த இடம் உங்களுடையது. நீங்கள் இல்லாதபோது வேறொருவர் அதில் உட்காரலாம், நீங்கள் வந்ததும் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கடைசி சனிக்கிழமை

ஃப்ளாய்டிலிருந்து மூன்று மணி நேரம் மேற்கே வந்தால் ஹில்டன்ஸ் அருகே கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட். கார்ட்டர் குடும்பத்தார் தங்கள் பள்ளத்தாக்கிலேயே கட்டிய அரங்கம், சனி இரவுதோறும் நிகழ்ச்சி. மேடையில் மின்கருவி கூடாது. மது கூடாது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தயங்காமல் போகலாம். இசை தொடங்கியதும் எண்பது வயதுப் பாட்டிகள் காலணியில் உலோகத் தகடு பொருத்திக்கொண்டு மேடை முன்னால் ஆட வருவார்கள். உங்களையும் கைபிடித்து இழுப்பார்கள், போங்கள், யாரும் காலைக் கவனிப்பதில்லை. மதியமே பிரிஸ்டலில் அறை எடுத்துப் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள். பெட்ரோலையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், ஃபோனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது, திரும்பும் சாலையில் விளக்கும் கிடையாது.